பறக்கும் படகும் இடுப்பளவுத் தண்ணீரும்: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 20, செவ்வாய். நாட்டரசன்கோட்டை

பொங்கல் கழிந்து வருகிற முதல் செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டை கண்ணுடையநாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். நண்பன் பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்தத் தடவைதான் விடுமுறை வாய்த்தது.

சாயங்கால வெயில் இறங்கும்போது அடுப்புகள் வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டன. முதல் பானை எந்தக் குடும்பத்துக்கு என்பதைச் சீட்டெடுத்துத் தீர்மானிக்கிறார்கள். அது ஏறிய பிறகுதான் மற்றவை. சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் பட்டுச்சேலையோடு புகையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே விறகைத் தள்ளுகிறார்கள். பால் பொங்கி வழிகிற நேரம் குலவைச் சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. முன்பின் தெரியாத ஆச்சி ஒருவர், "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றதும், "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக, வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலை வைத்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது.

நண்பனின் அண்ணன் ஸ்டாக்ஹோமில் இருக்கிறார். பொங்கலுக்கென்றே வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கோயில் மதில் ஓரமாக அழைத்துப் போய்ப் போனில் ஒரு காணொளியைக் காட்டினார். 12 மீட்டர் நீளத்தில் ஒரு படகு, ஏரித் தண்ணீருக்கு மேலே எழும்பி, பின்னால் அலையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. கண்டேலா என்ற ஸ்வீடன் கம்பெனி கட்டிய பி-12. 30 பேர் உட்காரலாம், முழுக்க பேட்டரி. 2024 அக்டோபரில் எக்கெரோ என்ற புறநகரிலிருந்து ஸ்டாக்ஹோம் நகரத்துக்குப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அண்ணன் அதில் வேலைக்குப் போய் வந்தவர்.

"இதைத் தொண்டியில விட்டா என்ன?" என்றார். "நீதான் கடற்கரைக்காரன். வெள்ளிக்கிழமை என்கூட வந்து பார்த்துட்டு உள்ளதைச் சொல்லு."

கோயில் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு, ஊர் திரும்பலாம் என்றுதான் வந்தேன். ஆனால் படகு என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. சரி என்றேன்.

ஜனவரி 21, புதன். கானாடுகாத்தான்

காலையில் இடியாப்பம், கோசுமல்லி, வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். பணியாரத்தின் ஓரம் மட்டும் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சு போலவும் இருந்தது. எண்ணெய் குடிக்காமல் இப்படி எடுப்பது பெரிய வித்தை. மாவு அரைக்கிற பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் நண்பனின் அப்பத்தா. ஊரே அவரை ஆச்சி என்கிறது, நானும் அப்படியே.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, அதன் நடுவில் வானம் பார்த்த முற்றம். மழைத் தண்ணீர் ஓடுகளிலிருந்து முற்றத்தில் இறங்கிச் சேர்கிறபடி கட்டியிருக்கிறார்கள். ஆறு இல்லாத ஊரில் ஊருணிகளை நம்பி வாழ்ந்தவர்களின் கணக்கு அது. வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. கையை வைத்தால் நல்ல வெயிலிலும் குளுமையாக இருக்கிறது.

அண்ணன் முற்றத்து ஓரத்தில் நாற்காலி போட்டு ஆச்சியிடம் படகைப் பற்றி விளக்கினார். அடியில் விமானத்துக்கு இருப்பது போல இறக்கை உண்டு. வேகம் சுமார் 30 கி.மீ.யைத் தொட்டதும் அந்தச் சிறகுகள் படகைத் தூக்கிவிடும். உடல் தண்ணீரில் உரசாததால் மின்சாரச் செலவு மிகக் குறைவு. சாதாரண வேகப்படகோடு ஒப்பிட்டால் 80 சதவீதம் வரை மிச்சம் என்கிறது கம்பெனி. 252 யூனிட் பேட்டரி. ஒரு தடவை ஏற்றினால் சுமார் 40 கடல் மைல், அதாவது 74 கி.மீ. ஓடும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் முழுச் சார்ஜுக்கு 2,520 ரூபாய்தான்.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன விலை?"

17 லட்சம் யூரோ. நம் பணத்தில் கிட்டத்தட்ட 18 கோடி.

ஆச்சிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. வலது கை விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பில் மெல்ல அசைந்தன. நூற்றுக்கு 8 வட்டி என்றால்கூட வருடத்துக்கு 1 கோடியே 44 லட்சம். மாதம் 12 லட்சம். நாளைக்கு 40,000. "படகு ஓடினாலும் நாப்பதாயிரம், கரையில கட்டிக் கிடந்தாலும் நாப்பதாயிரம். தலைக்கு முன்னூறு வாங்கினா ஒரு நடைக்கு ஒன்பதாயிரம். நாலு நடைக்கு மேல முழுசா ஆள் ஏறினாத்தான் வட்டியே வரும். ஓட்டுறவன் சம்பளம், கரண்டு, முதல் எல்லாம் அப்புறம்."

அண்ணன் விடவில்லை. அங்கே அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று சொன்னார். ஸ்டாக்ஹோம் நீர்வழிகளில் படகு எழுப்பும் அலை கரையை அரிக்கிறது, கட்டி நிறுத்திய படகுகளை மோதவிடுகிறது என்பதால் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்தப் படகு அலை எழுப்பாததால் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். 55 நிமிடப் பயணம் 25 நிமிடமாகிறது. வேகமாகத் திரும்புவதால் ஒரே படகு அதிக நடை அடிக்கிறது. பாதி காலியாகப் போகிற பெரிய டீசல் கப்பல்களுக்குப் பதில் சின்னச் சின்னப் படகு அடிக்கடி விடலாம். சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

"அங்க தினம் ஆபீஸ் போறவுக இருக்காக. தொண்டியில யாருப்பா தினம் தண்ணி மேல போய் வேலை பார்க்கணும்?" என்றார் ஆச்சி.

நான் கேட்ட விவாதங்களில் இதைவிடச் சுருக்கமான கேள்வி இல்லை. எந்தப் பொறியியல் புத்தகமும் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது என் குறை.

மத்தியானம் ஆச்சி தன் மாமனார் ரஜுலா கப்பலில் பினாங்கு போன கதையைச் சொன்னார். 1926-இல் கட்டிய கப்பல்; நாகப்பட்டினத்திலிருந்தும் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் அந்தக் கப்பல் கரைக்கு வந்ததே இல்லை. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, படகில் போய்த்தான் ஏற வேண்டும். என் தாத்தா காலத்து ஆட்கள் அந்தப் படகு சவாரியைத்தான் பெரிய கண்டமாகச் சொல்வார்கள், கப்பல் பயணத்தை அல்ல. சோழமண்டலக் கரையில் எந்தப் படகுத் திட்டம் போட்டாலும் முதலில் ஆழத்தைப் பார் என்று எனக்குச் சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது.

இரவு கவுனி அரிசிப் பொங்கல். கருப்பரிசி பர்மா தொடர்பில் இங்கே வந்தது. தேங்காய்ப்பூ தூவி, கொஞ்சம் சூடாக. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 22, வியாழன். காரைக்குடி, ஆத்தங்குடி

காரைக்குடிக்கு வந்து பேட்டரியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் 'சிக்ரி' என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டோக்காரரிடமும் அப்படிச் சொன்னால்தான் புரிகிறது. வாசலைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். நண்பனின் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) பழக்கம். திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உருப்படியாக்கும். அப்படியும் 3 யூனிட்டுக்கு மேல் கிடைத்துவிடும். லித்தியம் பேட்டரிப் பெட்டியில் ஒரு கிலோவுக்கு 0.15 முதல் 0.2 யூனிட் வரைதான். 252 யூனிட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் பேட்டரி சுமக்க வேண்டும். சாதாரணப் படகு வேகமாகப் போனால் தண்ணீரை விலக்கித் தள்ளுவதிலேயே பெரும்பகுதி சக்தி போய்விடும். பேட்டரி கொஞ்ச நேரத்தில் காலி. அதனால்தான் மின்சாரத்தில் வேகமாகப் போக நினைப்பவர்கள் படகைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார்கள். இதுவரை அதை ஒரு ஆடம்பரமாக நினைத்திருந்த நண்பன், அப்போதுதான் நோட்டை எடுத்தான்.

படகைச் சிறகால் தூக்குகிற யோசனை பழையது. 1906-இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் என்ரிகோ ஃபோர்லானினி ஓட்டிக்காட்டியிருக்கிறார். 1919-இல் கிரகாம் பெல்லின் குழு கட்டிய எச்.டி-4 மணிக்கு 114 கி.மீ. போய் உலக சாதனை செய்தது. 1957-இல் சோவியத் நாட்டின் ரகேதா என்ற சிறகுப் படகு ஆற்றில் இறங்கியது. ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் இடையே போயிங்கின் ஜெட்ஃபாயில் என்ற சிறகுப் படகு பல பத்து ஆண்டுகள் ஓடியது. எல்லாம் பெட்ரோல், டீசல் அல்லது டர்பைன். இப்போது புதிதாக வந்திருப்பது பேட்டரியும் கணினியும். சிறகு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் படகு தானாக நிலைத்து நிற்காது. ஒரு பக்கம் சாயும். உணர்கருவிகள் அலையைப் பார்த்து, நொடிக்கு 100 தடவை சிறகின் கோணத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

"அதுல ஒரு உணர்கருவி பழுதானா காரைக்குடியில யாரு பார்க்கிறது?" என்று பெரியவரே கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவிக்கான உதிரிப் பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர் அவர்.

சூட்டைப் பற்றியும் சொன்னார். வெப்பம் கூடக்கூட லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். ஸ்வீடனுக்குக் கட்டியதை நம் சித்திரை வெயிலில் நிறுத்தினால் குளிர்விக்கவே தனியாக மின்சாரம் வேண்டும். கொச்சி வாட்டர் மெட்ரோ மின்படகுகளில் லித்தியம் டைட்டனேட் வகை போட்டிருக்கிறார்கள். கிலோவுக்குக் கிடைக்கிற சக்தி குறைவு. ஆனால் ஆயுள் அதிகம், 10-15 நிமிடத்தில் ஏறிவிடும், சூடும் தாங்கும். 2023 ஏப்ரல் முதல் ஓடுகின்றன. அவை பறப்பதில்லை. நூறு பேரை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகின்றன.

பறக்கிற படகு எடையை மன்னிக்காது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சிறகு தூக்குகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதனால் சின்னச் சிறகு போதும். ஆனால் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் உண்டு. உடலைக் கார்பன் இழையில் செய்வது அதற்காகத்தான். நம் ஊரில் ஆடி அமாவாசைக்கோ மாசித் திருவிழாவுக்கோ 30 பேர் இருக்கையில் 30 பேரோடு படகை எடுக்க விடுவார்களா? 50 பேர் ஏறிவிட்டால் அது எழும்பத் திணறும். எழும்பாவிட்டால் சிறகையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிற, சாதாரணப் படகைவிட மோசமான ஒன்றாகிவிடும்.

பிற்பகல் ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டு நிற்கின்றன. மேலே காய்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக் கலவை வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வெயில். ஊறி எடுத்த கல்லிலிருந்து கண்ணாடி தானாக விலகுகிற நொடியில் அந்தப் பளபளப்பைப் பார்த்தேன். அடுப்பு கிடையாது, சூளை கிடையாது. வேலை செய்த அம்மா, "எடுத்துப் பாருங்க தம்பி, கை வழுக்கும்" என்று எச்சரித்துக் கொடுத்தார். ஒரு கல் வாங்கிக்கொண்டேன், 60 ரூபாய்.

ஜனவரி 23, வெள்ளி. தொண்டி, காரங்காடு

விடியற்காலையில் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. வாடகைக் கார் திருவாடானை தாண்டியதும் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. ஓட்டுநர் ஒரு இருசக்கர வண்டியை நிறுத்திச் சக்கரத்தோடு பின்னால் ஏறிப் போய்விட்டார். எதிரே இருந்த கடைக்காரர் பெஞ்சை நிழலுக்கு இழுத்துப் போட்டு, கேட்காமலே டீ போட்டார். 12 ரூபாய். எங்கே போகிறோம் என்று கேட்டவர், "பாக்குக் கடல் இப்ப வாடையில இருக்கு, பார்த்துப் போங்க" என்றார். முக்கால் மணி நேரம் போனது.

தொண்டிக் கரையில் நின்றபோது அண்ணன் முகம் மாறியது. நாட்டுப்படகுகள் கரைக்கு வெகு தூரத்தில் நிற்கின்றன. ஆட்கள் மீன் கூடையைத் தலையில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருகிறார்கள். எவ்வளவு தூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் படத்தைக் காட்டினோம். நன்றாகப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஓடுறப்ப சரி. நிக்கிறப்ப எம்புட்டுத் தண்ணி வேணும்?"

படகு பறக்காமல் இறங்கி நிற்கும்போது சிறகு ஒன்றரை மீட்டருக்கு மேல் கீழே இருக்கும். சிறகை மேலே மடக்கிக்கொள்ளலாம். கரை சேர்வதற்கு அப்படித்தான் செய்கிறார்கள். அதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு: கட்டி நிறுத்தியிருக்கும்போது சிறகு தண்ணீருக்கு வெளியே இருப்பதால் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளர்கிற ஓடுள்ள சிற்றுயிர்) ஒட்டாது. ஆனால் மடக்கினால் பறக்க முடியாது. பறக்க வேண்டிய ஆழம் வரும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும். இந்தக் கரையில் அந்த 'மெதுவாக' பயணத்தில் பாதியைத் தின்றுவிடும்.

சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். காரல் மீன் குழம்பு, நண்டு மசாலா தனி. சாப்பாடு 130, நண்டு 180. காரல் முள் நிறைந்த மீன். ஸ்டாக்ஹோம் பழக்கம் எதுவும் ஒட்டாமல் அண்ணன் கையால் அழகாகப் பிரித்துச் சாப்பிட்டார். பரிமாறிய அக்கா ரசத்தை மூன்றாவது தடவை கொண்டுவந்து, வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்.

பிறகு காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள். கண்ணாடியிழைப் படகு, பின்னால் வெளிப்பொருத்து மோட்டார். ஏறுவதற்குள் அண்ணனின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. எவ்வளவு துழாவியும் வரவில்லை. காட்டுக்குள் கால்வாய் மாதிரி ஒரு வழி. இரண்டு பக்கமும் மூச்சுவேர்கள் சேற்றில் குத்திட்டு நிற்க, கொக்குகள் நகராமல் எங்களைப் பார்த்தன. கடல்வாய் திறந்ததும் வாடைக் காற்று முகத்தில் அடித்தது. குட்டையான, நெருக்கமான அலைகள். படகு ஒவ்வொன்றிலும் தட்டென்று விழுந்து எழுந்தது. உப்புத் தண்ணீரில் சட்டை முழுக்க நனைந்தது.

"இதே அலையில அது அசையாது" என்று அண்ணன் காற்றுக்கு மேலே கத்திச் சொன்னார். அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அரை மீட்டர் அலைக்கு மேலே பறக்கிற படகில் இந்தக் குலுக்கல் இருக்காது. குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. இடுப்பு வலியோடு இந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது.

படகோட்டித் தம்பி மோட்டாரை அணைத்து, கம்பை ஊன்றிக் காட்டினார். கரையை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஆள் உயரம் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்த இடத்தில் கடற்புல் அலை போகிற பக்கமெல்லாம் சாய்ந்தது. இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்ற கடற்பசு வாழ்கிறது. இங்கிருந்து வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பரில் ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அது மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய பிராணி, நிதானமாக நீந்துவது. மின்படகுக்குச் சத்தம் குறைவு என்பது கடலுக்கு நல்லதுதான். ஆனால் பறக்கிற படகின் வேகமான மணிக்கு 46 கி.மீ.யில் தண்ணீருக்குள் ஒரு சிறகு வந்தால் அது விலக நேரம் இருக்குமா? 2019 மார்ச்சில் ஜப்பானின் சாடோ தீவுக்குப் போன ஜெட்ஃபாயில் ஒன்று கடலில் எதிலோ மோதி 80 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். திமிங்கிலமாக இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். அடிபட்ட பிராணியைப் பற்றியும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது மோட்டார் முனகி நின்றது. நண்டு வலையின் கயிறு விசிறியில் சுற்றிவிட்டது. தம்பி மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, கத்தியை எடுத்தார். ஆனால் வெட்டவில்லை. கயிற்றை விரலால் தடவி, எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, விசிறியைக் கையால் எதிர்ப்பக்கம் ஒவ்வொரு சுற்றாகத் திருப்பினார். கடைசி முடிச்சில் மட்டும் கத்தி முனையை நுழைத்து நெம்பி விடுவித்து, மிதவையைப் பழைய இடத்திலேயே போட்டார். வலை அவருடையது அல்ல. "யாரு வலையோ. கிழிச்சா அவரு இன்னிக்கு வருமானம் போச்சு" என்றார்.

சுற்றிலும் பார்த்தால் பிளாஸ்டிக் பாட்டில் மிதவைகள், தெர்மோகோல் துண்டுகள், கண்ணுக்கு எட்டிய வரை. பகலிலேயே அருகில் போனால்தான் தெரிகிறது. இந்தக் கடலில் முதல் பாத்தியதை இவர்களுடையது. சுற்றுலாவுக்காக ஒரு வேகப்பாதை ஒதுக்கு என்று கேட்டால் அது யாரோ ஒருவரின் வலை இடத்தை எடுத்துக்கொள்வதுதான். எனக்கு அதில் சம்மதமே இல்லை. படகிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் மிதவைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார் ஓட்டுநருக்கு வேறு சவாரி இருந்ததால் திருவாடானையில் இறக்கிவிட்டார். அங்கே ஒன்றரை மணி நேரம் பஸ் இல்லை. பருவம் தவறிய தூறல் வேறு. ஒற்றைச் செருப்போடு நின்ற அண்ணனைப் பார்த்து, பழக்கடைப் பாட்டி தன் கடைக்குள் கிடந்த பழைய ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்தார். ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் வாங்கினோம், 50 ரூபாய். காரைக்குடி வந்து சேரும்போது இரவு ஒன்பதரை.

ஜனவரி 24, சனி. காரைக்குடி

உடம்பெல்லாம் வலி. மதியம் வரை தூங்கினேன். பிறகு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். பீங்கான் பாத்திரங்கள், எனாமல் கேரியர்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள். பித்தளைக் கப்பல் விளக்கு ஒன்று 6,500 சொன்னார்கள், கேட்டதோடு சரி.

சாயங்காலம் அண்ணன் நோட்டோடு வந்தார். தொண்டியை விட்டுவிட்டார். அதற்குப் பதில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை எப்படி என்று கேட்டார். என் ஊர் என்பதால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது சுமார் 60 கடல் மைல். இந்தப் படகு ஒரு சார்ஜில் போவது 40. நடுக்கடலில் சார்ஜ் ஏற்ற முடியாது. வாடைக் காலத்தில் கப்பலையே நிறுத்திவைக்கிற கடல் அது. 12 மீட்டர் படகை நான் அனுப்ப மாட்டேன்.

அது எங்கே பொருந்தும் என்றும் கேட்டார். ஆழம் இருக்க வேண்டும், வலை இல்லாத ஒதுக்கப்பட்ட வழி வேண்டும், 30-40 கி.மீ.க்குள் தூரம், இரண்டு முனையிலும் நல்ல மின்சாரம், காலையும் மாலையும் தவறாமல் ஏறுகிற ஆட்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இரண்டு மணி நேரம் நிற்கிற பெரிய துறைமுக நகரங்களில் இதெல்லாம் சேர்ந்து கிடைக்கலாம். அங்கே இந்தப் படகு வந்தால் முதல் டிக்கெட் எடுத்து நான் ஏறுவேன். டீசல் புகையில் பயணம் செய்து வளர்ந்தவன். அந்த அமைதியில் ஒரு தடவையாவது போக வேண்டும்.

காரங்காட்டுக்கு வேண்டியது வேறு. கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ஆதித்யா என்ற சூரிய மின்படகு 75 பேரை ஏற்றி ஓடுகிறது. மணிக்குப் பத்து கி.மீ. அளவில்தான் வேகம். அந்த மாதிரி, ஆனால் இருபது பேருக்கு, அடி தட்டையான, முழங்கால் தண்ணீரிலும் மிதக்கிற ஒரு படகு. விசிறியில் கயிறு சிக்கினால் அந்தத் தம்பியே கையால் எடுத்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். மெதுவாகப் போவதால் பேட்டரியும் சின்னதாகப் போதும். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு 46 கி.மீ. வேகம் எதற்கு?

ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "அது என்ன விலை?" விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். பங்கு போடுவதாக இருந்தால் ஓட்டுகிற காரங்காட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

அண்ணன் அடுத்த வாரம் ஸ்டாக்ஹோம் திரும்புகிறார். ஜூலையில் மறுபடி வரும்போது கொச்சிக்கும் வைக்கத்துக்கும் சேர்ந்து போவதாகப் பேச்சு. கொட்டுகிற மழையில் அந்தப் படகுகள் எப்படி ஓடுகின்றன, சூரியன் இல்லாத நாளில் ஆதித்யா எத்தனை நடை போகிறது என்று ஓட்டுகிறவர்களிடமே கேட்க வேண்டும். அதையும் எழுதுகிறேன்.